‘இன்னொரு வருடம் போடு’ என்று கேட்டால் வரும் வினை

கேள்வி:

ஐயா, ஈரோட்டில் சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அவர்களுடைய ஹோஸ்டிங், டொமைன் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். என் ரீசெல்லர் கணக்கில் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான டொமைன்கள் இருக்கின்றன. பணம் கட்டியவர்களின் டொமைன்களை ராத்திரி ஓடும் ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட், ரெஜிஸ்ட்ராரின் ஏபிஐ வழியாக ரினியூ செய்துவிடும். இதுவரை தொல்லை இல்லை. போன மாதம் ஒரு ராத்திரி அந்த ஏபிஐ மெதுவாக இருந்திருக்கிறது. ‘டைம்அவுட்’ என்று வந்ததும் ஸ்கிரிப்ட் மறுபடி மறுபடி முயன்றிருக்கிறது. காலையில் பார்த்தால் சில டொமைன்கள் இரண்டு வருடம், சில மூன்று வருடம் தள்ளிப் போயிருக்கின்றன. முன்பணம் அத்தனையும் கரைந்துவிட்டதால், வரிசையில் பின்னால் நின்ற ஒரு ஜவுளி நிறுவனத்தின் டொமைன் ரினியூ ஆகாமல் காலாவதியாகி, அவர்களுக்கு மெயில் வருவதே நின்றுபோனது. ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டால் ‘ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார்கள். இந்தப் பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? இனி இப்படி நடக்காமல் இருக்க ஸ்கிரிப்டை எப்படி எழுத வேண்டும்? கூடுதல் வருடம் விழுந்த வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்வது?

பதில்:

ஜவுளி நிறுவனத்தின் டொமைனை இன்னும் மீட்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் முடியுங்கள். டாட் காம் போன்றவற்றில் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அது, அந்த டொமைன்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி, ரெஜிஸ்ட்ராருக்குக் கொடுக்கும் அவகாசம். அதில் உங்களுக்கு எத்தனை நாள் விடுவது என்பது ரெஜிஸ்ட்ராரின் இஷ்டம். அவர் டெலிட் செய்துவிட்டால் டொமைன் ‘ரிடெம்ப்ஷன்’ நிலைக்குப் போகும். அங்கே 30 நாள் கிடக்கும், மீட்கத் தனிக் கட்டணம், அதுவும் ரினியூவலைப் போலப் பல மடங்கு.

பணம் திரும்ப வருமா என்றால், ஏறக்குறைய வராது. ரெஜிஸ்ட்ராரும் ரெஜிஸ்ட்ரியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஈபிபி என்று பெயர். அதில் ‘ரினியூ’ என்ற கட்டளை உண்டு, ‘ரினியூவை ரத்து செய்’ என்ற கட்டளை கிடையாது. ஒரு வருடத்தைக் கழிக்க மைனஸ் ஒன்று என்று அனுப்பவும் முடியாது. ரினியூ செய்த ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ராருக்குப் பணம் திரும்பும் ஒரு வழி மட்டும் ஏட்டில் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் டொமைனையே டெலிட் செய்தால், ரினியூவல் தொகையை ரெஜிஸ்ட்ரி வரவு வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையின் டொமைனைச் சில நூறு ரூபாய்க்காக டெலிட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்பது ரெஜிஸ்ட்ராரின் கறார் மட்டும் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர் அவருக்கும் திருப்பித் தருவதில்லை.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம். உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து ரெஜிஸ்ட்ராரின் ஏபிஐ வரை ஒரு தூரம், அங்கிருந்து ரெஜிஸ்ட்ரி வரை இன்னொரு தூரம். டாட் காம் என்றால் அந்த ரெஜிஸ்ட்ரி வெரிசைன். கோரிக்கை இரண்டு தூரத்தையும் கடந்து போய், ரெஜிஸ்ட்ரியில் வருடம் ஏறி, வெரிசைன் ‘ஆயிற்று’ என்று பதிலும் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் உங்களிடம் வந்து சேர்வதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டது. ஆக, வேலை முடிந்திருக்கிறது, செய்தி மட்டும் வரவில்லை. ஸ்கிரிப்ட் அதை ‘நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த கோரிக்கையை அனுப்பியது. அதுவும் ஒழுங்காக நிறைவேறியது.

இந்த ஆபத்து புதிது அல்ல. ஈபிபியை வகுத்தவர்கள் இதை அன்றைக்கே யோசித்து, தடுப்பையும் கட்டளைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5731 ஆவணத்தின்படி, ரினியூ கட்டளையில் டொமைன் பெயரோடு ‘இப்போதைய காலாவதித் தேதி’யையும் கட்டாயம் எழுத வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ரினியூ கட்டளைகளால் எதிர்பாராத பல ரினியூவல்கள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் புலம் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு டொமைன் 2026 ஆகஸ்ட் 14-இல் முடிகிறது என்று வையுங்கள். ‘2026 ஆகஸ்ட் 14-இல் முடியும் இதை ஒரு வருடம் நீட்டு’ என்று கட்டளை போகிறது. தேதி 2027 ஆகிறது. பதில் தொலைந்து, அதே கட்டளை இரண்டாம் முறை போகிறது. ரெஜிஸ்ட்ரி பார்க்கிறது: நீ சொல்லும் தேதி 2026, என்னிடம் இருப்பது 2027, பொருந்தவில்லை. தள்ளுபடி. பத்து முறை அனுப்பினாலும் ஒரு வருடம்தான் ஏறும்.

பிறகு எப்படி உங்களுக்கு மூன்று வருடம் ஏறியது? நடுவில் இருக்கும் ரெஜிஸ்ட்ராரின் ஏபிஐ உங்களிடம் டொமைன் பெயரையும் எத்தனை வருடம் என்பதையும் மட்டுமே கேட்டிருக்கும். தேதி ரெஜிஸ்ட்ரிக்குக் கட்டாயம் என்பதால், ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் அவர்களுடைய மென்பொருள் ‘இப்போது என்ன தேதி?’ என்று புதிதாகப் பார்த்து, அந்தத் தேதியைக் கட்டளையில் நிரப்பி அனுப்பியிருக்கும். இரண்டாம் கோரிக்கை வந்தபோது புதிய தேதி 2027. அதையே எழுதி அனுப்பியதால் பொருந்திவிட்டது. உங்கள் வசதிக்காக என்று அந்தப் புலத்தை அவர்களே நிரப்பினார்கள், அதோடு அந்தத் தடுப்பு செல்லாக்காசு ஆயிற்று.

எல்லா ஏபிஐயும் இப்படி இல்லை. அமேசானின் ரூட் 53-இல் டொமைன் ரினியூ செய்ய ‘இப்போது எந்த ஆண்டில் முடிகிறது’ என்பதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், பொருந்தாவிட்டால் நடக்காது. ஓப்பன்எஸ்ஆர்எஸும் அதே போல ஆண்டைக் கேட்கும். நம் ஊர் ரீசெல்லர்கள் பலர் வைத்திருக்கும் ரீசெல்லர்கிளப் ஏபிஐ, காலாவதித் தேதியை நொடிக்கணக்கு எண்ணாகக் கேட்கும். உங்கள் ரெஜிஸ்ட்ராரின் ஆவணத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அந்தப் புலம் ‘விருப்பம் இருந்தால்’ என்ற பட்டியலில் கிடக்கலாம். கிடந்தால், அதை உங்களுக்குக் கட்டாயம் என்று ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் புலம் இருப்பதால் மட்டும் தப்பித்துவிட மாட்டீர்கள். அந்தத் தேதியை எப்போது எடுத்து எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பார்த்த ஸ்கிரிப்டுகள் பலவற்றில் ஒரு லூப் இருக்கும். உள்ளே முதல் வரி டொமைன் விவரத்தைக் கேட்டுக் காலாவதித் தேதியை எடுக்கும். இரண்டாம் வரி அந்தத் தேதியை வைத்து ரினியூ அனுப்பும். மூன்றாம் வரி, தோற்றால் முதல் வரிக்குத் திரும்பு என்று சொல்லும். எழுதியவர் ‘எப்போதும் புதிய தகவலோடு போகிறேன்’ என்று நினைத்து எழுதியிருப்பார். ரெஜிஸ்ட்ராரின் நடு அடுக்கு செய்த அதே காரியத்தை இவரும் தன் பங்குக்குச் செய்கிறார். முயற்சிக்கு முயற்சி தேதி புதுசாகிக்கொண்டே வரும், ரெஜிஸ்ட்ரி ஒவ்வொன்றையும் நியாயமான கோரிக்கை என்று ஏற்றுக்கொள்ளும்.

முதல் வரியை லூப்புக்கு வெளியே எடுத்துவிட்டால் ஒரு ராத்திரிக்குள் நடக்கும் இரட்டிப்பு நிற்கும். மறுநாள் ராத்திரி ஸ்கிரிப்ட் புதிதாகத் தொடங்கும்போது மறுபடி புதிய தேதியை எடுக்கும். அதனால் தேதி டேட்டாபேஸில் எழுதப்பட வேண்டும். எப்போது? பணம் வந்ததும் எழுதலாம் என்று தோன்றும், அதுவும் தாமதம். பணம் வந்த செய்தி இரண்டு முறை வந்தால், முதல் செய்தியால் ரினியூ முடிந்த பிறகு வரும் இரண்டாம் செய்தி, புதிய தேதியைப் பார்த்துப் புதிய வேலை ஒன்றைத் தொடங்கிவிடும். இன்வாய்ஸ் போடும்போதே எழுதுங்கள். ‘2026 ஆகஸ்ட் 14-இலிருந்து ஒரு வருடம்’ என்று இன்வாய்ஸிலேயே அச்சாகட்டும். வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுத்தார் என்பது அதில்தான் இருக்கிறது. ‘எப்போது கேட்டாலும் இன்னொரு வருடம்’ என்பதற்கு அவர் பணம் கொடுக்கவில்லை.

அடுத்தது, ரினியூவல்களுக்கென்று ஒரு டேபிள். டொமைன் பெயர், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வருடம், என்ன நிலை. இதில் டொமைன் பெயரையும் பழைய தேதியையும் சேர்த்து ஒரு யுனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ஒரே வரி வேலை. பழைய ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் மாதச் சர்க்கரைக்கு ஒரு கட்டம், அதில் ஒரு தடவை எழுதியாயிற்று என்றால் அந்த மாதத்துக்கு அந்தக் கட்டம் தீர்ந்தது. கடைக்காரர் யார் என்பதும், நீங்கள் எத்தனை தடவை வரிசையில் நின்றீர்கள் என்பதும் பொருட்டே இல்லை. அதே மாதிரி, ஒரே நேரத்தில் இரண்டு கிரான் வேலைகள் ஓடினாலும், ஊழியர் ஒருவர் கையால் பட்டனை அழுத்தினாலும், அதே டொமைனுக்கு அதே பழைய தேதியோடு இரண்டாவது வரிசை எழுதவே டேட்டாபேஸ் விடாது. வாடிக்கையாளர் உண்மையாகவே இன்னொரு வருடம் வேண்டும் என்றால், அப்போது பழைய தேதி 2027 ஆகியிருக்கும், புது இன்வாய்ஸ், புது வரிசை, தடையில்லை.

வரிசையை எழுதி கமிட் செய்த பிறகுதான் ஏபிஐயைக் கூப்பிட வேண்டும். முதலில் கூப்பிட்டு, பதில் வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் ரெஜிஸ்ட்ரியில் வருடம் இருக்கும், உங்களிடம் தடயம் இருக்காது.

நிலை என்ற பத்தியில் ‘காத்திருக்கிறது’, ‘அனுப்பியாயிற்று’, ‘முடிந்தது’, ‘மறுக்கப்பட்டது’ என்று வைப்பார்கள். இவற்றோடு ‘தெரியாது’ என்ற நிலையையும் கட்டாயம் வையுங்கள். டைம்அவுட், பாதியில் அறுந்த இணைப்பு, ரெஜிஸ்ட்ரார் சர்வரிலிருந்து 502, 504 என்று வரும் பிழைகள் எல்லாம் இதில் சேர வேண்டியவை. ‘மறுக்கப்பட்டது’ என்று எழுத ரெஜிஸ்ட்ரார் தெளிவாக ‘முடியாது, காரணம் இது’ என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டில் ‘தெரியாது’ இல்லாததால் எல்லாமே ‘தோற்றது’ ஆயின, தோற்றதெல்லாம் திரும்ப அனுப்பப்பட்டன.

‘தெரியாது’ நிலையில் இருப்பதை உடனே திரும்ப அனுப்பாதீர்கள். சில நிமிடம் விட்டு டொமைன் விவரத்தைக் கேளுங்கள். காலாவதித் தேதி, நீங்கள் எழுதி வைத்த பழைய தேதியைத் தாண்டிப் போயிருந்தால் வேலை முடிந்தது, வரிசையை மூடுங்கள். தாண்டவில்லை என்றாலும் அவசரம் வேண்டாம். பல ரெஜிஸ்ட்ரார்கள் கோரிக்கையை வாங்கி வரிசையில் போட்டுவிட்டுப் பிறகுதான் செய்வார்கள், விவரப் பக்கம் பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கவும் கூடும். ரூட் 53 போன்றவை ஒரு செயல்பாட்டு எண் தரும், அதை வைத்து ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கலாம். போதுமான நேரம் விட்டும் நகரவில்லை என்றால் திரும்ப அனுப்புங்கள், அதே பழைய தேதியோடு. தேதிப் புலமே இல்லாத ஏபிஐ என்றால், இரண்டாவது முயற்சியைத் தானாக அனுப்ப வேண்டாம், ஒரு மனிதர் பார்த்து அனுப்பட்டும். முந்நூறு டொமைனுக்கு இது ஒன்றும் பெரிய சுமை இல்லை.

இவ்வளவு பொறுமைக்கு நேரம் வேண்டும். கடைசி நாள் ராத்திரி ரினியூ செய்தால் ‘தெரியாது’ என்ற நிலையில் காத்திருக்க மனசு வராது, திரும்பத் திரும்ப அனுப்பத்தான் தோன்றும். பணம் வந்த அன்றே, முடிகிற நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். முன்கூட்டி ரினியூ செய்தால் இருக்கும் நாட்கள் வீணாகாது, பழைய தேதியிலிருந்துதான் வருடம் ஏறும்.

ரெஜிஸ்ட்ராரை நம்பாமல் நேரே ரெஜிஸ்ட்ரியில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். டொமைன் விவரம் பார்க்கும் ஹூயிஸ் சேவையின் இடத்தில் இப்போது ஆர்டாப் இருக்கிறது. டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு 2025 ஜனவரி 28-இலிருந்து ஹூயிஸ் நடத்தும் கட்டாயமே நீங்கிவிட்டது. ஆர்டாப் பதில் ஒழுங்கான ஜேசனாக வரும், காலாவதித் தேதியை எடுப்பது சுலபம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களே விழும் பொறி.

டாட் காம் டொமைன் ஒன்று காலாவதி நாளைத் தொட்டதும், யாரும் ரினியூ செய்யாவிட்டாலும், ரெஜிஸ்ட்ரி தானாகவே ஒரு வருடம் ஏற்றிவிடும். கட்டணத்தை ரெஜிஸ்ட்ரார் கணக்கில் பிடித்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன 45 நாள் இதற்குத்தான். அதற்குள் ரெஜிஸ்ட்ரார் டெலிட் செய்தால் பணம் அவருக்குத் திரும்பும். அந்த நாட்களில் ரெஜிஸ்ட்ரியின் ஆர்டாப்பில் 2027 என்று இருக்கும், உங்கள் ரெஜிஸ்ட்ரார் பேனலில் 2026 என்று சிவப்பில் இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து ‘தேதி தாண்டிவிட்டது, முடிந்தது’ என்று வரிசையை மூடினால், வாடிக்கையாளர் பணம் கட்டியும் ரினியூ போகாது, சில வாரத்தில் டொமைன் டெலிட் ஆகும். நேர்மாறாக, ரெஜிஸ்ட்ரியில் பார்த்த 2027-ஐப் பழைய தேதியாக எழுதி, அதை அப்படியே ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பிவிடும் ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்தால், ஏற்கெனவே ஏறிய வருடத்தின் மேல் இன்னொன்று ஏறும். அதனால் பழைய தேதியை எப்போதும் ரெஜிஸ்ட்ராரிடமிருந்தே எடுங்கள். ஆர்டாப்பைக் காலாவதிக்கு முந்தைய நாட்களில் மட்டும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டாப் பதிலின் நிலைப் பட்டியலில் ‘ஆட்டோ ரினியூ பீரியட்’ என்று இருந்தால் அந்தத் தேதியை நம்பாதீர்கள்.

தேதி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரிகளின் கடிகாரம் யூடிசி நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகஸ்ட் 14 இரவு 8.30 யூடிசி என்பது நமக்கு ஆகஸ்ட் 15 அதிகாலை 2 மணி. உங்கள் பிஎச்பி அமைப்பில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டிருந்தால், தேதியை மட்டும் எடுக்கும்போது 15 என்று வரும். அனுப்பினால் ரெஜிஸ்ட்ரி ‘பொருந்தவில்லை’ என்று திருப்பும். யூடிசியில் மாலை 6.30-க்கு மேல் பதிவான டொமைன்களில் மட்டும் இது நடக்கும் என்பதால் ‘சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை’ என்று தோன்றும். அப்போது எரிச்சலில் யாராவது ‘பொருந்தவில்லை என்றால் தேதியைப் புதிதாக எடுத்து மறுபடி அனுப்பு’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பிழை மறையும், கூடவே இருந்த ஒரே காவலும் போய்விடும். ‘பொருந்தவில்லை’ என்ற பதில் வந்தால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும், ஒரு ஆள் பார்க்க வேண்டும். தேதிகளை யூடிசியிலேயே சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுங்கள்.

இரட்டிப்புக்கு டைம்அவுட் மட்டும் காரணம் இல்லை. ரேஸர்பே போன்ற பேமெண்ட் கேட்வேக்கள் ஒரே வெப்ஹூக்கை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பக்கூடும் என்று அவர்களே ஆவணத்தில் சொல்லி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண்ணையும் கூடவே அனுப்புகிறார்கள். அதைச் சேமித்து ஒப்பிடுங்கள். அமேசானின் சாதாரண எஸ்க்யூஎஸ் வரிசையும் ‘குறைந்தது ஒரு தடவை’ தருவேன் என்றுதான் வாக்களிக்கிறது, ஒரே தடவை என்று இல்லை. இன்னொன்று, சில பழைய ரெஜிஸ்ட்ரார் ஏபிஐகள் ரினியூவலையே ‘கெட்’ கோரிக்கையாக வாங்கும், எல்லாம் யூஆர்எல்லிலேயே இருக்கும். கெட் என்றால் படிக்க மட்டும் என்று நம்பி, பிரவுசரும் எச்டிடிபி லைப்ரரியும் நடுவில் நிற்கும் புராக்ஸியும் இணைப்பு அறுந்தால் உங்களைக் கேட்காமலே திரும்ப அனுப்ப உரிமை எடுத்துக்கொள்ளும். போஸ்டும் ஏற்பார்கள் என்றால் போஸ்டுக்கு மாறுங்கள், லைப்ரரியின் தானியங்கி ரீட்ரையை இந்த ஓர் அழைப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ராரின் பேனலில் ‘ஆட்டோ ரினியூ’ பச்சையாக இருந்து, உங்கள் ஸ்கிரிப்டும் ஓடினால் ஒரு டொமைனுக்கு இரண்டு எஜமானர்கள். இரண்டில் ஒன்றை அணையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாடிக்கையாளர் டொமைன்களுக்கு ரெஜிஸ்ட்ராரின் ஆட்டோ ரினியூவை அணைத்துவிட்டு, என் சொந்தக் கம்பெனி டொமைனுக்கு மட்டும் வைத்திருப்பேன். அது போனால் எல்லாருக்கும் நான் அனுப்பும் மெயிலும் போய்விடும்.

‘ஐடெம்பொடன்சி கீ’ என்று ஒன்றைச் சில ஏபிஐகள் தருகின்றன: கோரிக்கையோடு ஒரு சாவி அனுப்பினால், அதே சாவியோடு மறுபடி வருவதைப் புது வேலையாக எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். பேமெண்ட் உலகில் ஸ்ட்ரைப் இதைப் பிரபலமாக்கியது. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் முயற்சிக்கு முயற்சி புதுச் சாவி உருவாக்கினால் பயனே இல்லை. டொமைன் பெயரையும் பழைய தேதியையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். சாவிக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்ட்ரைப்பில் 24 மணி நேரத்துக்குப் பிறகு சாவிகள் நீக்கப்படலாம். வெள்ளிக்கிழமை சிக்கியதைத் திங்கட்கிழமை திரும்ப அனுப்பினால் அது புதுக் கோரிக்கைதான். பழைய தேதிக்கு அந்தக் கெடு கிடையாது.

இரட்டிப்பான ரினியூவலின் செலவு அந்த ஒரு டொமைனோடு நிற்பதில்லை என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 10.26 டாலர். ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்தால் கணக்கில் தெரியாது. ஆனால் முன்பணம் காலியானால் உண்மையாகவே முடியப்போகும் டொமைன்கள் நிற்கும். ஆகவே ஸ்கிரிப்ட் ஓடும் வரிசையை மாற்றுங்கள்: காலாவதிக்கு மிக நெருங்கியது முதலில். பணம் தீர்ந்தாலும் மிஞ்சுபவை இன்னும் வாரக்கணக்கில் நேரம் உள்ளவையாக இருக்கும். கூடவே ஒரு கடிவாளம்: அன்றைக்கு இன்வாய்ஸ் தீர்ந்தவை எத்தனையோ, அத்தனை ரினியூவலுக்கு மேல் ஒன்றுகூட அனுப்பாதே, மொத்தத் தொகை கணக்கிட்டதைத் தாண்டினால் நின்று எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பு. இது இல்லாமல் விட்டால், தானாக நிற்கும் ஒரே இடம் பத்து வருட வரம்பு. அதற்கு மேல் டாட் காம் டொமைனை நீட்ட முடியாது.

எழுதி முடித்ததும் சோதனை. ரெஜிஸ்ட்ராரின் சாண்ட்பாக்ஸில் எல்லாம் நன்றாக ஓடும்போது சோதித்து என்ன பயன்? நடுவில் ஒரு சின்ன புராக்ஸி வைத்து, கோரிக்கையை முழுதாகப் போக விட்டு, பதில் வரும்போது மட்டும் இணைப்பை அறுக்கச் செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ‘தெரியாது’ என்று எழுதுகிறதா, பழைய தேதியையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அனுப்பும் நொடியில் ஸ்கிரிப்டையே கொன்று, திரும்ப ஓட்டிப் பாருங்கள். சாண்ட்பாக்ஸ் டொமைனில் ஒரு வருடத்துக்கு மேல் ஏறினால் நேரடிக் கணக்கில் தொடாதீர்கள்.

வாடிக்கையாளர்கள் விஷயம். கேட்காத வருடத்துக்கு அவர்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை, எனவே அந்த வருடத்தை நீங்கள் முன்கூட்டிக் கட்டியதாகக் கணக்கில் வையுங்கள். ‘உங்கள் டொமைன் 2028 வரை ஓடும், 2027-இல் பில் வராது, 2028-க்கான பில்லில் இந்த வருடமும் சேர்ந்து வரலாமா?’ என்று கேட்டு எழுதுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள். வேண்டாம் என்றாலோ, நடுவில் வேறு இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் செய்தாலோ அந்த வருடம் டொமைனோடு போய்விடும், நஷ்டம் உங்களுக்கு. அதைவிட முக்கியம், உங்கள் பில்லிங் மென்பொருளில் உள்ள தேதி. டபிள்யூஎச்எம்சிஎஸ் போன்றவற்றில் காலாவதித் தேதி வேறு, அடுத்த கட்டணத் தேதி வேறு. முதலாவது ரெஜிஸ்ட்ராரைப் பார்த்துத் தானாகத் திருந்தினாலும், இரண்டாவது 2027-இலேயே நின்றால் அடுத்த வருடம் பில் போகும், வாடிக்கையாளர் கட்டுவார், ஸ்கிரிப்ட் இன்னொரு வருடம் ஏற்றும். இந்தத் தடவை டைம்அவுட்கூடத் தேவைப்படாது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு டொமைனிலும் இரண்டு தேதிகளையும் கையால் சரிபார்த்துவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ராருக்கு இன்னொரு மெயில் அனுப்புங்கள், ஆனால் ரீஃபண்ட் கேட்டு அல்ல. ஈபிபியில் ஒவ்வொரு பதிலுக்கும் ரெஜிஸ்ட்ரி ஒரு பரிவர்த்தனை எண் கொடுக்கும். அந்த ராத்திரி ஒவ்வொரு டொமைனுக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வந்த பரிவர்த்தனை எண்களையும் நேரத்தையும் தரச் சொல்லுங்கள். உங்கள் லாகில் ஒரு டொமைனுக்கு மூன்று கோரிக்கைகள் இருந்து, அங்கேயும் மூன்று இருந்தால் பிழை உங்கள் பக்கம். உங்களிடம் இரண்டு, அங்கே மூன்று என்றால் அவர்களுடைய மென்பொருளும் தன் பங்குக்குத் திரும்ப அனுப்பியிருக்கிறது, அந்த ஒன்றுக்கு அவர்கள் வரவு வைத்தே ஆக வேண்டும். உங்கள் பக்கத்து லாகை எண்ணிவிட்டு எழுதுங்கள், எழுதிய பிறகு எண்ணாதீர்கள்.